எங்கட ஆள்

அமெரிக்க ஜனாதிபதியை எங்கள் வீட்டில் யாரும் பெயர் சொல்லிக் கதைத்ததில்லை. அப்பாவுக்கு அவர் ‘எங்கட ஆள்’. அம்மாவுக்கு ‘உங்கட ஆள்’. அமெரிக்க எல்லைக்கு வடக்கே, மல்வேர்னில் எங்கள் வாடகை வீட்டுச் சமையலறைத் தொலைக்காட்சியில் அந்தச் சிவப்புக் கழுத்துப்பட்டி தெரிந்தால் போதும், அம்மா உள்ளே பார்த்துக் குரல் கொடுப்பார்:

“இஞ்சாருங்கோ, உங்கட ஆள் வந்திட்டார். ஓடி வாங்கோ.”

அப்பா சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து நிற்பார். அவருக்குப் பின்னேர சிஃப்ற். ஒஷாவாவில் கார்களுக்கு இருக்கை செய்கிற ஒரு தொழிற்சாலையில் வேலை. காலை முழுவதும் வீட்டில் இருந்ததால், செய்திக்குக் குறைவில்லை.

நான் அப்போது பல்கலைக்கழகத்தில் அரசியல் படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் குடும்பத்தில் அந்த வாசலை மிதித்த முதல் ஆள். அப்பா எட்டாம் வகுப்போடு நின்றவர், அம்மா அதற்கும் முன்னால். அந்தத் தவணை எனக்கு வந்த கட்டுரையோ, அப்பாவின் ஆளைப் பற்றியதுதான்: அவருடைய சுபாவமும் அரசியல் பயணமும். கட்டடம் கட்டி, அதில் தன் பெயரைப் பெரிய எழுத்தில் பொறித்தவர், தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்றில் ஆட்களை வேலையிலிருந்து நிறுத்திப் பிரபலமானவர், ஒரு பதவியும் வகிக்காமல் நேரே ஜனாதிபதியானவர், தோற்றவர், தோற்றதை ஒப்புக்கொள்ளாதவர், திரும்பி வந்தவர். இவ்வளவையும் ஒரு மனிதனின் குணத்துக்குள் அடக்கிக் காட்ட நான் பாடுபட்டேன்.

அப்பாவுக்கு அந்தப் பாடு தேவைப்படவில்லை. “எல்லாரும் முடிஞ்சுதெண்டு சொன்ன மனிசன் எழும்பி வந்து நிக்கிறார் பார். உன்ர புத்தகத்தில அது இருக்கோ?”

“இருக்கு அப்பா.”

“மனசில பட்டதை வாயால சொல்லுறார். ஒளிப்பு மறைப்பு இல்லை.”

“வாய் மட்டும்தான் இருக்கு” என்பார் அம்மா, வெங்காயத்தில் இருந்து கண்ணை எடுக்காமல்.

ஆங்கிலத்தில் எழுதியதில் எனக்கு ஒரு வசதி இருந்தது. அவரா, அவனா, உவரா என்று முடிவெடுக்கத் தேவையில்லை, எல்லாவற்றுக்கும் ஒரே சொல். எங்கள் பேச்சில் அப்படித் தப்ப முடியாது. அதிலும் ‘உவர்’ என்றால் மரியாதையின் விகுதி இருக்கும், மரியாதை இருக்காது. அப்பா அவரை ஒருநாளும் ‘உவர்’ என்றதில்லை.

பிறகு, அமெரிக்காவுக்குள் போகும் கார்களுக்கு வரி என்று ஜனாதிபதி கதைக்கத் தொடங்கினார். வரும் என்றார். நிறுத்தி வைத்திருக்கிறேன் என்றார். மறுபடி வரும் என்றார். அப்பா செய்த இருக்கைகள் பொருத்தப்படும் வாகனங்கள் எல்லை தாண்டிப் போகிறவை. வரி வந்தே விட்டது. சில வாரங்களில் தொழிற்சாலை பின்னேர சிஃப்ற்றை நிறுத்தியது.

அப்பா வந்து சொன்ன அன்று அம்மா, உங்கட ஆள் என்று தொடங்கவில்லை. “சாப்பிடுங்கோவன்” என்று மட்டும் சொல்லிக் கோப்பையில் சோற்றைப் போட்டார். அதன் பிறகு தொலைக்காட்சியில் அவர் வந்தாலும் அம்மா யாரையும் கூப்பிடவில்லை.

வரி நீங்கினால் திருப்பிக் கூப்பிடுவோம் என்று மேற்பார்வையாளர் சொல்லியிருந்தார். அதுதான் அப்பாவைப் போட்டு அலைத்தது. தெரிந்த ஒருவர், தான் வேலை செய்யும் சரக்குக் கிடங்கில், வெயார்ஹவுசில், ஆள் தேடுகிறார்கள் என்றார். சம்பளம் குறைவு, இத்தனை வருடச் சேவையும் போய், புது ஆளாகக் கடைசியில் நிற்க வேண்டும். காத்திருந்தால் பழைய இடம் கிடைக்கலாம். கிடைக்காமலும் போகலாம்.

ஒரு மத்தியானம், ஜனாதிபதி பேசிக்கொண்டிருக்கும்போது, அப்பா என் பக்கம் திரும்பினார்.

“தம்பி, நீதானே உவரைப் பற்றிப் படிக்கிறாய். உவர் மனம் மாறுவாரோ?”

பகிடியாகக் கேட்கவில்லை. கட்டுரையில் அவருடைய சுபாவத்தைப் பற்றி எவ்வளவோ உறுதியாக எழுதியிருந்தேன். அதில் ஒரு வசனத்தையாவது அப்பாவின் வேலையையே பணயம் வைத்துச் சொல்ல முடியுமா என்று யோசித்தேன்.

“மாறுவார் அப்பா. மாறினாப் பிறகு திருப்பியும் மாறுவார். இதுவரைக்கும் அப்பிடித்தான்.”

“அப்ப உவரை நம்பி வீட்டில இருக்கேலாது.”

“ஏலாது.”

அம்மா அடுப்படியில் இருந்து திரும்பினார். “உதைச் சொல்ல யூனிவேர்சிற்றிக்குப் போகவேணுமே? என்னைக் கேட்டிருந்தா பஸ் காசாவது மிஞ்சியிருக்கும்.”

அப்பா சிரித்துவிட்டார். சிரிப்பு அடங்க முன்பே கைத்தொலைபேசியை எடுத்தார். அம்மா எட்டி, தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்தார். திரையில் வாய் அசைந்துகொண்டே இருந்தது.

“அண்ணை, நான்தான். உங்கட வெயார்ஹவுசில இன்னும் ஆள் எடுக்கினமோ? ஓம்... ஓம்... இல்லை, பழைய இடத்துக்கு இனிக் காத்திருக்கேல்லை. நாளைக்கே வாறன். சேஃப்ரி சப்பாத்து அவை தருவினமோ, நான் என்ர பழசைக் கொண்டரவோ?”