பானையில் ஒரு விரல் இடைவெளி

அம்மாவைப் பற்றிப் பெருமையடிப்பதென்றால் எனக்குச் சோறு தண்ணீர் வேண்டாம். அதிலும் அந்தப் பானைக் கதையென்றால் கேட்கவே வேண்டாம்.

வெள்ளவத்தையில் எங்கள் புதிய ஃப்ளாட்டில் பால் காய்ச்சிய அன்று, அமெரிக்காவிலிருந்து வந்திருந்த மாமா ஒரு பானையைப் பரிசாகக் கொடுத்தார். அங்கே வறண்ட நிலத்து ஊர்களில் வாழும் பியூப்ளோ மக்கள் வனைந்தது, நூறு வருடத்துக்கு மேல் பழசு என்றார். வெள்ளை உடம்பில் கறுப்பு மேகங்கள், படிக்கட்டுகள், மயிரிழையாய் மழைக் கோடுகள். தன் அக்காவான அம்மாவுக்கென்று விமானத்தில் மடியிலேயே வைத்துக் கொண்டுவந்திருந்தார்.

பெரியப்பா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கழுத்தடியில் விரலை வைத்தார். பானையைச் சுற்றி வந்த தடித்த கோட்டின் இரண்டு முனையும் முட்டவில்லை. ஒரு விரல் இடைவெளி இருந்தது.

“முட்டாத கோடு வீட்டுக்குக் கூடாது. குறைப் பானையை வித்து உன்னை நல்லாப் பேய்க்காட்டிப் போட்டாங்கள் தம்பி.”

மாமாவின் முகம் செத்துப்போய்விட்டது. விலையையும் வயதையும் விசாரித்தவர் கோட்டை விசாரிக்காமல் வந்துவிட்டார்.

பெரியப்பாவுக்குப் பக்கத்துப் பெருந்தெருவான காலி வீதியில் ஹாட்வெயார் கடை. கறுப்புப் பெயின்ட் வர எவ்வளவு நேரம்? தூரிகையை அம்மாவிடம் நீட்டினார்.

“பிள்ளை, நீதானே கோலக்காரி. ஒருக்கா இழுத்துவிடு.”

கோலத்தில் அம்மாவின் கையை வெல்ல எங்கள் சொந்தத்தில் ஆளில்லை. நான் ஓடிப்போய், விருந்துக்கு வந்த பிள்ளைகளையெல்லாம் கூட்டிவந்து முன்னால் நிறுத்தினேன்.

அம்மா கோட்டின் மேல் விரலை ஓடவிட்டு ஒரு சுற்று வந்தார். பிறகு தூரிகையைக் கீழே வைத்துவிட்டார்.

“இத்தனை கோடும் கை நடுங்காமல் கீறினவளுக்கு இதை முட்டவைக்கத் தெரியாதே, அத்தான்? ரெண்டு முனையும் வடிவா முடிஞ்சிருக்கு. வேணுமெண்டுதான் விட்டிருக்கிறாள். நான் தொடமாட்டன்.”

பெரியப்பாவின் சொல்லை அதுவரை எங்கள் வீட்டில் ஒருவரும் தட்டியதில்லை. அவர் பெயின்ட் டின்னை மூடினார். மாமா எழுந்து பானையைத் தானே கொண்டுபோய் ஷோகேஸில் வைத்தார்.

வளர்ந்த பிறகு மாமாவிடம் போனபோது ஓர் அருங்காட்சியகத்தில் அந்த மக்களின் பானைகளைக் கண்டேன். பலவற்றில் அதே இடைவெளி. வனைந்தவளின் மூச்சு உள்ளே அடைபடாமல் வெளியே போக விடும் வழி அது என்று அங்கிருந்தவர் சொன்னார். பக்கத்தில் நின்ற முன்பின் தெரியாத மனிசியைப் பிடித்து, எங்கள் அம்மா இதை அப்போதே கண்டுபிடித்தவர் என்று சொல்லித்தான் விட்டேன்.

பால் காய்ச்சிய அன்றைக்கு மட்டும் அந்தப் பெருமை எங்கே போனதோ! கோடு கோணிவிடும் என்று அம்மா பயந்துவிட்டார் என்றே நினைத்தேன். அவருடைய மானத்தைக் காப்பாற்றுவதற்காக, பெயின்ட் காய்ந்துபோய்விட்டது என்று பிள்ளைகள் ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகப் போய்ச் சொல்லிவைத்தேன்.