துபாய் அண்ணனின் கார்டு

இப்போதும் வங்கி இயந்திரத்தில் கார்டைச் செருகும்போது அது 'பீப்' என்று ஒலித்தால் பின்னால் யாராவது திரையை வாசிக்கிறார்களா என்று திரும்பிப் பார்ப்பேன். யாரையும் குறை சொல்வதற்கில்லை. அந்த ஒலியை முதலில் என் கையாலேயே எழுதி வைத்தவள் நான்.

தொண்ணூறுகளின் கடைசியில் எங்கள் பள்ளிக்குக் கம்ப்யூட்டர் வரப்போகிறது என்றார்கள். கணக்கு டீச்சர் என்பதால் என்னைப் படித்துவிட்டு வரச் சொன்னார்கள். பாறசாலையில் ஒரு பேக்கரிக்கு மேலே இருந்த பயிற்சி மையத்தில் சேர்ந்தேன். என்னிடம் கணக்கில் தோற்ற பிள்ளைகள் இருவர் அங்கே எனக்கு முன்வரிசையில் இருந்தார்கள். ஏசி அறை. செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும்.

கிரெடிட் கார்டு எண் சரியா தவறா என்று சொல்லும் சின்ன புரோகிராம் எழுதச் சொன்னார் அங்கே பாடம் எடுத்த பெண். ஓர் இலக்கம் விட்டு ஓர் இலக்கத்தை இரட்டிக்க வேண்டும். ஒன்பதைத் தாண்டினால் ஒன்பதைக் கழிக்க வேண்டும். எல்லாவற்றையும் கூட்டினால் பத்தால் மீதியின்றி வகுபட வேண்டும். நான் ஒரே மாலையில் எழுதிவிட்டேன். தவறான எண்ணுக்கு வெறுமனே 'தவறு' என்று வருவது எனக்குப் போதவில்லை. 'இது போலி. போலீசுக்குத் தெரிவிக்கவும்' என்று ஆங்கிலப் பெரிய எழுத்தில் வரவழைத்து, கூடவே மூன்று பீப்பும் சேர்த்தேன்.

பாடத்தாளில் இருந்த எண்களுக்கெல்லாம் சரியான விடை வந்தது. உண்மையான கார்டில் சோதித்துப் பார்க்கத்தான் ஆளில்லை. எங்கள் பக்கத்தில் கார்டு என்றால் அப்போது ரேஷன் கார்டுதான்.

உதியன்குளங்கரையில் ஒருவர் இருந்தார். துபாயிலிருந்து விடுப்பில் வந்தவர்; துபாய் அண்ணன் என்றுதான் சொல்வோம். நர்சிங் முடித்த என் மகளின் சான்றிதழ்களை அங்கே ஓர் ஆஸ்பத்திரியில் கொடுத்து வேலைக்குச் சொல்வதாக ஏற்றிருந்தார். அந்த வேலையைத்தான் நாங்கள் இரவும் பகலும் நினைத்துக்கொண்டிருந்தோம். மறுநாள் அவருக்கு விமானம். ஃபைலை மையத்திலேயே வாங்கிக்கொள்வதாகவும், அப்படியே கார்டையும் காட்டுவதாகவும் சொன்னார்.

ஃபைலோடு மகளும் மையத்தில் வந்து காத்திருந்தாள். அவர் இரண்டு கூட்டாளிகளோடு வந்தார். வாசலில் உட்கார்ந்து ஷூ கயிறுகளை அவிழ்க்கவே நேரமாயிற்று. மகளிடமிருந்து ஃபைலை வாங்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு கார்டை நீட்டினார். நான் எண்ணை அடித்தேன்.

பீப். பீப். பீப்.

"டீச்சரே, மிஷினு என்னவாக்கும் சொல்லுது?" என்று கேட்டார் அண்ணன்.

நான் வாயைத் திறக்குமுன் கூட்டாளி ஒருவர் திரையை உரக்க வாசித்துவிட்டார். வாசித்ததோடு நிறுத்தவும் இல்லை. "எலே, இது காட்டாக்கடை சந்தையில வாங்குனதா? நீ துபாயில உண்மைக்கும் என்ன வேலையாக்கும் பாக்குத?"

இன்னொருவர், "போலீசுக்குச் சொல்லணும்னு எழுதியிருக்கு. நம்ம ஜீப்பு கீழதான் நிக்குது, நாமளே கொண்டு விட்டிரலாம்" என்றார்.

அண்ணன் சிரிக்கவில்லை. ஃபைலை மகளிடம் நீட்டினார். "இந்தா மோளே, நீயே வச்சுக்கோ. போலிக்காரன் கையில உனக்க சர்ட்டிபிக்கேட் எதுக்கு?"

வாசலில் உட்கார்ந்து ஷூவை எடுத்தார். மகள் திரையை எட்டிப் பார்த்தாள்.

"அம்மா, இதுல பதினஞ்சு நம்பர்தானே உண்டு?"

பாடத்தாளில் எல்லாமே பதினாறு. இரட்டிப்பதை வலப்பக்கத்திலிருந்து எண்ணிக்கொண்டு வர வேண்டும் என்று அதில் எழுதியிருந்தது. நான் இடப்பக்கத்திலிருந்து எண்ணியிருந்தேன். பதினாறு இலக்கத்தில் இரண்டும் ஒன்றேதான். பதினைந்தில் எல்லாம் இடம் மாறிவிடும். திருத்த வேண்டியது இரண்டே வரி. அவர் ஒரு ஷூவுக்குக் கயிறு கட்டியபோது ஒரு வரியைத் திருத்தினேன். இரண்டாவது வரியில் மூன்று முறை பிழையாக அடித்தேன். நல்லவேளை, அவருக்கும் இரண்டாவது கயிறு முடிச்சு விழுந்துவிட்டது.

"அண்ணா, ஒரு நிமிசம். தப்பு எனக்க கணக்குலதான். உங்க கார்டு நல்ல கார்டாக்கும்."

அவர் எழுந்து வந்தார். ஷூவோடு உள்ளே வரக்கூடாது என்று பாடம் எடுக்கும் பெண் மறித்தார். வாசலிலேயே நின்றார். "அங்கருந்தே வாசி டீச்சரே. இவனுக காது கேக்கட்டும்."

"சரியான எண்" என்று வாசித்தேன்.

"உறக்கெ."

கீழே பேக்கரியில் இருந்தவர்கள் நிமிர்ந்து பார்க்கும்படி வாசித்தேன். அண்ணன் முகம் தெளிந்தது. ஃபைலுக்காகக் கை நீட்டினார். மகள் ஓரடி எடுத்து வைத்தாள். அதற்குள் அவர் மறுகையைச் சட்டைப்பைக்குள் விட்டு இன்னொரு கார்டை எடுத்தார்.

"இதையும் ஒண்ணு நோக்கும் டீச்சரே."

என் விரல் தானாகப் போய்த் திரையின் பொத்தானை அமுக்கியது. திரை இருண்டது.

"கரண்டு போச்சு அண்ணா" என்றேன்.

தலைக்கு மேலே ஏசி லாரி போல உறுமிக்கொண்டிருந்தது. அவர் ஏசியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு கையிலிருந்த கார்டையும் ஒருமுறை பார்த்துவிட்டு அதைப் பைக்குள்ளேயே போட்டுக்கொண்டார்.

"கரண்டு போனா பின்ன என்ன செய்ய முடியும்" என்று சொல்லி மகளிடமிருந்து ஃபைலை வாங்கிக்கொண்டு படியிறங்கினார்.