நாலு ஸ்நோ ரயரும் ஒரு பாகப்பிரிவினையும்

கடந்த சனிக்கிழமை, கனடாவின் மார்க்கம் நகரில், ஐஸ் படிந்த ஒரு வளைவில் என் கார் திரும்பியது. நான்தான் திருப்பினேன். ஆனால் நான் கேட்டதை விடக் கூடுதலாகத் திரும்பி, வந்த வழியையே பார்த்தபடி நின்றது. பின்னால் வந்த லொறி இப்போது முன்னால்! சாரதியின் மூக்குக்கண்ணாடி தெரியும் தூரத்தில் பிரேக் பிடித்தது.

பக்கத்து சீற்றில் பதினைந்து வயது மகள்.

"அப்பா... வாட் ஜஸ்ட் ஹாப்பெண்ட்?"

நல்ல கேள்வி. பதில் இரண்டு வாரம் பழசு.

எங்கள் வீட்டில் ஒரே அளவுச் சில்லுள்ள இரண்டு கார். ஒன்று எனக்கு, மற்றது ஒஷாவாவில் வேலை பார்க்கும் மனைவிக்கு. நான் வாங்கியதோ பனியில் வழுக்காத நாலு ஸ்நோ ரயர். ஊரில் கிணற்றுக்கே பங்கு பிரித்து உறுதிப்பத்திரம் எழுதிய சனம் நாங்கள். நாலு ரயரைப் பிரிக்கத் தெரியாதா? காருக்கு இரண்டு. நீதி தவறவில்லை.

கராஜ்காரத் தம்பி மட்டும் முகம் சுளித்தார்.

"நாலையும் ஒரு காருக்குப் போடுங்கோ அண்ணை. இல்லாட்டில் ஐஸிலை பின்பக்கம் இழுத்துக்கொண்டு போகும்."

படித்தவன் அல்லவா, விளக்கம் கொடுத்தேன். "முன்சில்லுதானே காரை இழுக்குது? முன்னுக்கு ரெண்டு போட்டால் காணும்."

"அப்ப பின்சில்லு என்ன, வடிவுக்கே பூட்டினவங்கள்?"

சிரித்துவிட்டு வந்தேன்.

லொறிக்காரர் கையசைத்து வழிவிட, நடை வேகத்தில் வீடு சேர்ந்தோம். சப்பாத்தைக் கழற்றும்போதுதான் உறைத்தது — மற்ற இரண்டு ரயரும் இந்த நேரம் பெருந்தெருவில், மனைவியோடு.

வேலையிடத்துக்குப் போன் எடுத்தேன். புறப்பட்டுவிட்டாளாம். காருக்குள் வைக்கும் போன் இப்போதுதான் கடைக்கு வருகிறது; அதை வாங்கும் அளவுக்கு நாங்கள் பெரிய ஆட்கள் இல்லை. யன்னலில் நின்றேன். மகளும் வந்து நின்றாள்.

"அம்மான்ரை காருக்கும் டூ தானா?"

"ஓம்."

கண்ணாடியில் படிந்த ஆவியைத் துடைத்துவிட்டு ரோட்டைப் பார்த்தாள். திட்டியிருக்கலாம்.

ஒன்றரை மணி நேரம்.

மனைவி வந்தாள். "என்னப்பா, ரெண்டு பேரும் யன்னலுக்கை நிக்கிறியள்? ரோட்டெல்லாம் ஒரே வழுக்கல். நல்லகாலம், நீங்கள் புது ரயர் போட்டுத் தந்தது."

"சாவியைத் தாரும்" என்றேன்.

இப்போது நாலு ரயரும் அவள் காரில். நான் பஸ்ஸில் போகிறேன். அதன் பின்சில்லுகளில் என்ன ரயர் என்று சாரதியிடம் விசாரித்தேன். உள்ளே போய் உட்காரச் சொன்னார்.