அக்கா வயிற்றில் வைத்த மியூயான் கருவி

எண்பதுகளில் நான் வெளிநாட்டில், துகள்களை மோதவிட்டு உடைத்துப் பார்க்கும் ஒரு சோதனையில் மாடாய் உழைத்துக்கொண்டிருந்தேன். கன குவார்க் என்ற எடை மிகுந்த துகளைத் தேடும் வேலை. அந்தச் சனியன் பிறந்த இடத்திலேயே செத்துவிடும். சாகும்போது சில நேரம் மியூயான் என்ற துகளைக் கிளப்பிவிடும். சுற்றி நிறுத்தியிருக்கும் இரும்புச் சுவர் மற்ற துகள்களையெல்லாம் விழுங்கிவிட, மியூயான் மட்டும் துளைத்துக்கொண்டு வெளியே வரும். அதைப் பிடித்துத்தான், உள்ளே இன்னது இருந்தது என்று சொல்வோம்.

விடுமுறைக்குத் திண்டுக்கல் வந்தபோது, கல்லூரிப் பிள்ளைகளுக்குக் காட்ட ஒரு சின்னக் கருவி செய்தேன். ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு குழாய்கள். வானத்திலிருந்து ஓயாமல் பொழிகிற மியூயான்களில் ஒன்று இரண்டையும் ஊடுருவினால் 'டிக்'. அதை அக்கா வீட்டில் வைத்திருந்தேன். இரும்புப் பெட்டி செய்கிற மச்சான் சும்மா இருப்பாரா? பட்டறைத் தகடுகளைக் கொண்டுவந்து மேலே அடுக்கினார். டிக். இன்னும் அடுக்கினார். டிக்.

"என்ன மாப்ளே, பேய் கீய் புடிச்சிருக்கா?" என்று தகடுகளைத் தூக்கிக்கொண்டு பட்டறைக்கே போய்விட்டார்.

எனக்குச் சிரிப்புத் தாளவில்லை. அக்காவுக்குக் குவார்க் கதை முழுவதையும் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. கல்யாணமாகி ரொம்ப வருஷம் கழித்து உண்டாகியிருந்தாள், எட்டாம் மாதம்.

"நேத்துலருந்து பிள்ளை அசையவே இல்லப்பு. ஒங்க மச்சான்ட்ட இன்னும் சொல்லல," என்றாள். "வெளிய வர்றத வச்சு உள்ள இருக்குறதக் கண்டுபுடிப்போம்னியே, இத என் வயித்துல வையி."

நான் வாயைத் திறக்குமுன் அவளே எடுத்து வைத்துக்கொண்டாள். மத்தியான வெயிலில் தெருவே அடங்கிக் கிடந்தது.

டிக். கொஞ்சம் பொறுத்து, இன்னொன்று.

"மாதாவே! இருக்குலே, இருக்கு!"

கண்ணீரும் சிரிப்புமாக என்னைப் பார்த்தாள்.

"அக்கா, அம்மிக்கல்லு மேல வச்சாலும் இது அடிக்கும். கிளம்பு, ஆஸ்பத்திரிக்குப் போவோம்."

"செத்த நேரம் இருலே. கேட்டுக்கிறேன்."

மச்சானைக் கூப்பிட்டுக்கொண்டு போனோம். டாக்டரம்மா வயிற்றில் குழலை வைத்து, இடம் மாற்றி மாற்றிக் கேட்டார். பிறகு மச்சானை மட்டும் வெளியே அழைத்தார். அக்காவுக்குப் புரிந்துவிட்டது. அழவில்லை. என் கையை இறுகப் பிடித்தாள்.

"அப்ப எனக்குள்ள வந்துட்டுப் போனது யாருலே?"