சேற்றில் நின்ற கப்டன்

சென்னையிலிருந்து திரும்பிய எங்கள் விமானம், மழையில் இரத்மலானை ஓடுபாதை முடிந்த பிறகும் ஓடி, வேலியை உடைத்துச் சேற்றில் மூக்கைக் குத்தியது. பெற்றோல் மணத்தது. எங்களையெல்லாம் இறக்கிவிட்டே கப்டன் இறங்கினார். நாலு புத்தகம் படித்த நானோ, மனைவிக்கு வாங்கிய பட்டுச்சேலையை எடுக்கத் திரும்பவும் ஏறப்போனேன். அவர் என் கொலரைப் பிடித்து இழுத்தார்.

"நீங்கள் எரிஞ்சுபோனா, உங்கட மனுசி அந்தச் சேலையைக் கட்டுவாவோ, ஐயா?"

"மழையாலதானே இப்பிடி ஆச்சு?" என்று கொட்டாஞ்சேனை முதலாளி ஒருவர் அவருக்குத் தப்ப வழி காட்டினார்.

"இல்லை முதலாளி. வேகம் குறைக்காமல் இறக்கினது என்ர பிழை. கொம்பனித் துரையிட்டயும் அதைத்தான் சொல்லப்போறன்."

வேலை போகுமென்று தெரிந்தே சொன்னார். சேற்றில் நின்ற அவரை அண்ணாந்து பார்த்தேன்.

இப்போது வெள்ளவத்தை வீட்டில் கோப்பை உடைந்தால் நான் பூனையைச் சொல்வதில்லை. "என்ர பிழை" என்று முதல்முறை சொன்னபோது, மனைவி என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்:

"காய்ச்சலோ?"