சூசையம்மாவின் கணுக்கால்

மண்டைதீவுச் சூசையம்மாவின் நடைக்கு ஈடுகொடுக்க ஒருவராலும் முடியாது. மீன் கடகத்தைத் தலையில் வைத்தால் பண்ணைப் பாலம் தாண்டிச் சந்தையில்தான் இறக்குவாள். 1968இல், முப்பத்தொரு வயதில், அவளது வலது கணுக்காலில் நோவு தொடங்கியது. விழவுமில்லை, கால் பிசகவுமில்லை. நடந்த உளைவு என்றுதான் புருஷன் பஸ்ரியாம்பிள்ளை நினைத்தான்.

நாட்டு மருந்துப் பரியாரியார் எண்ணெய் போட்டுப் பச்சிலைப் புக்கை கட்டினார். இன்னொருவர் வாதம் என்றார். பார்வைக்கு நல்ல கால். வீக்கம்கூடப் பெரிதாக இல்லை. பகலில் எப்படியோ சமாளிப்பாள். படுத்தால்தான் எலும்பைத் துளைப்பதுபோல் குத்தும்.

"எல்லாம் உம்மடை மனசிலைதான் இருக்கு," என்று ஒருநாள் அவன் சினந்தான்.

"கால் எனக்கல்லோ நோகுது," என்றாள். பிறகு அவனிடம் அதைப்பற்றிப் பேசவேயில்லை.

கடையில் வாங்கிய அஸ்பிரின் குளிசை போட்டால் அரை மணித்தியாலத்தில் நோவு அடங்கிவிடும். ஒன்று இரண்டாகி, நாலாகி, இப்படியே ஆறு வருஷம் ஓடிற்று. வயிறு எரிந்தது, சோறு இறங்கவில்லை. 1974 மாசியில் ஒருநாள் கடற்கரையில் இரத்தமாகச் சத்தி எடுத்து விழுந்தாள்.

பட்டணத்து ஆஸ்பத்திரியில், அஸ்பிரினால் வந்த குடற்புண் என்றார்கள். இவ்வளவு குளிசை எதற்கு என்று கேட்ட இளம் டொக்டர்தான் முதன்முதலாக அந்தக் காலை எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார்.

"நோவு இரவிலைதான் கூடவோ? அஸ்பிரின் போட்டா நிக்குமோ?"

"ஓம் ஐயா."

படத்தில், மூட்டு எலும்புக்குள், மிளகளவில் ஒரு புள்ளி.

"இது ஒரு கட்டி. புற்றுநோயில்லை. ஆளைக் கொல்லாது. சுரண்டி எடுத்தா நோவு போயிடும்."

சூசையம்மா புருஷனைப் பார்த்தாள். அவன் தலை குனிந்துகொண்டான்.

ஆனால் உடம்பில் இரத்தமில்லை. மயக்க மருந்து தாங்காது. மூன்று மாதம் கழித்து வரச்சொன்னார்கள். அதுவரை அஸ்பிரினைத் தொடவே கூடாது. வேறு ஏதோ குளிசை கொடுத்தார்கள். நோவு அதற்கு மசியவில்லை. பதினெட்டு நாள் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தாள்.

"இஞ்சேருங்கோ, ஒண்டே ஒண்டு வாங்கித் தாங்கோ. ஏலாமக் கிடக்கு."

அவன் போய் வாங்கி வந்தான். அது ஒன்றோடு நிற்கவில்லை.

பங்குனி முடியமுன் மறுபடியும் இரத்தம். வாடகைக் கார் பாலத்தில் ஏறமுன்னமே உயிர் போய்விட்டது.

சேமக்காலையில் அடக்கம் முடிந்து திரும்பும்போது, என்ன வருத்தத்தில் செத்தாள் என்று கூட வந்தவர்கள் கேட்டார்கள்.

"காலிலை ஒரு கட்டி," என்றான் பஸ்ரியாம்பிள்ளை.

"கான்சரோ?"

"இல்லை. ஆளைக் கொல்லாத கட்டி எண்டு டொக்டர் சொன்னவர்."