யன்னலுக்கு வெளியே நின்று பார்த்த நாடகம்

போன கிழமை நாடகத்தில் ஒரு பிள்ளை பிறந்தது. திங்கட்கிழமை பிறந்தது. வெள்ளிக்கிழமை வரைக்கும் குடும்பம் முழுவதும் ஆஸ்பத்திரி வாசலில் நின்று ஆளையாள் முறைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். ஒருத்தராவது அந்தத் தாய்க்கு ஒரு மிடறு தேத்தண்ணீர் கொடுத்தார்களா? பிள்ளை பால் குடித்ததா என்று ஒருத்தராவது கேட்டார்களா? நான் இதைச் சொன்னதற்கு, "அப்பா, அது நாடகம்!" என்று மகன் தலையில் அடித்துக்கொண்டான். சனிக்கிழமை பகிடி நிகழ்ச்சியில் அதே காட்சியை நக்கல் அடித்து, தொட்டிலுக்குள் ஒரு பூனையைப் படுக்க வைத்திருந்தார்கள். சீலையை விலக்கினதும் அது எழும்பிக் கொட்டாவி விட்டது. சிரித்த சிரிப்பில் எனக்குத் தேத்தண்ணீர் மூக்கால் வந்துவிட்டது. மகள்தான் முதுகில் தட்டினாள்.

பிள்ளைக்குப் பால் கிடைத்ததா என்று நான் நாடகத்துக்காரரிடம் கேட்டதற்கு ஒரு காரணம் இருக்கிறது. அன்றைக்குச் சொல்ல வாயெடுத்தேன், பிள்ளைகள் நீங்கள் இரண்டு பேரும் விடவில்லை. அதனால் எழுதுகிறேன். நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். பிழை இருந்தால் திருத்தி வாசியுங்கள்.

இப்போது நாட்டில் சண்டையும் முடிந்து, கல்வீட்டில், கரண்டில், கலர் டிவி பார்க்கிறோம். மகள், நீ பிறந்தது சுனாமியில் கடல் வந்ததற்கு அடுத்த மாரியில். தேற்றாத்தீவில் கடற்கரைப் பக்கம் இருந்த எங்கள் வீடு அத்திவாரத்தோடு போயிருந்தது. உன் அம்மாவின் அம்மாவையும் கடல் கொண்டுபோயிருந்தது. பலகையும் தகரமும் வைத்து வரிசையாக அடித்த கொட்டில்களில் இருந்தோம். எல்லாருக்கும் வீடு தருவதாகப் பெயர் பதிந்துகொண்டு போயிருந்தார்கள். வீட்டுப் பேப்பர் எப்போது வரும் என்பதுதான் காலையில் பல் விளக்க முதல் கேட்கிற கேள்வி. எனக்கு மேசன் வேலை. ஊரெல்லாம் வீடு கட்டினேன். எங்களுடைய பேப்பர் மட்டும் வந்து சேரவில்லை.

நீ பிறந்து பத்தாம் நாள் மருத்துவமாது வந்தார். கொட்டில் வளைமரத்தில் தராசைத் தொங்கவிட்டு உன்னை நிறுத்துப் பார்த்தார். பிறந்த நிறையை விட ஒரு கிராம்கூட ஏறவில்லை.

"தாய் சாப்பிட்டாத்தான் பிள்ளைக்குப் பால் வரும்," என்றார். "ரெண்டு கிழமையில திரும்ப வருவன். அப்பவும் கூடாட்டி பெரியாஸ்பத்திரிக்குத்தான் எழுதோணும்."

உன் அம்மாவுக்கோ சாப்பாடு இறங்கவில்லை. முன் கொட்டிலில் ஒரு மாமி இருந்தார். உறவு இல்லை, வாயால் கூப்பிட்ட மாமி. பிள்ளை பெற்றவளுக்குப் பத்தியமாக மருந்துச் சரக்கு அரைத்து, பால் ஊறுவதற்குப் பால்சுறா மீன் காய்ச்சி, ஒவ்வொரு நாளும் விடியக்காலையில் கொண்டுவந்து எங்கள் வாசலில் வைத்துவிட்டுப் போவார். உள்ளே வரமாட்டார். பிள்ளை பிறந்த வீட்டுக்கு முப்பத்தொரு நாள் துடக்கு, தீட்டு. அம்மா இரண்டு வாய் தின்றுவிட்டுச் சோற்றுக் கோப்பையைத் தள்ளி வைப்பாள். "எண்ட அம்மா காய்ச்சினா இப்பிடியா மணக்கும்," என்பாள்.

மாமியிடம் ஒரு சின்னக் கறுப்பு வெள்ளை டிவி இருந்தது. கார் பற்றரியில் வேலை செய்யும். ஆறரை மணி நாடகத்தை உன் அம்மா வயிற்றில் உன்னோடு போய், ஒரு நாள் தவறாமல் பார்த்தவள். இப்போது போக முடியாது. டிவி இருந்தது சாமித்தட்டுக்கு நேர் கீழே.

மருத்துவமாது வந்துபோன அன்று பின்னேரம் அம்மா கேட்டாள்: "மச்சான், நீங்க ஒருக்காப் போய்ப் பாத்திட்டு வந்து சொல்லுங்களன். நாடகத்தில அந்த மருமகள் வீட்ட விட்டுப் போனாளா இல்லையா எண்டு தெரியாம எனக்குச் சோறு இறங்குதில்ல."

எனக்கு அந்த நாளிலும் பகிடி என்றால்தான் பிடிக்கும். அழுகிற நாடகம் கண்ணில் காட்டக் கூடாது. ஆனால் சோறு இறங்கும் என்றால் நான் கடலுக்குள்ளும் போவேன். போனேன். மாமி வாசலிலேயே மறித்தார்.

"நில்லு மனே. நீயும் துடக்குக்காரன்தானே? சாமித்தட்டடியில இரிக்கப்படாது. யன்னலடியில நிண்டு பாரு."

"மழை பெய்யுது மாமி."

"அதுக்கென்ன, குடை தாறன்."

குடையோடு யன்னலடியில் நின்றேன். படம் தெரிந்தது. சத்தம் ஒரு துளி கேட்கவில்லை. தகரக் கூரையில் மாரி மழை, லொறியில் இருந்து சல்லிக்கல்லைக் கொட்டுகிற மாதிரிக் கொட்டிக்கொண்டிருந்தது. பட்டுச்சீலை கட்டின ஒரு பெரிய மனுசி கையை நீட்டி நீட்டி என்னவோ சொல்கிறாள். மருமகள் மாடிப்படியில் நின்று அழுகிறாள். என் கண் படியில்தான் போனது. ஒரு படி உயரம், ஒரு படி தாழ்வு, பிடிக்கக் கம்பி இல்லை.

திரும்பி வந்தால் அம்மா எழும்பி உட்கார்ந்து, மடியில் கோப்பையோடு காத்திருக்கிறாள். "என்ன நடந்த?"

கேட்கவில்லை என்று சொன்னால் கோப்பையைத் தள்ளிவிடுவாள். "சண்டை," என்றேன்.

"என்னத்துக்குச் சண்டை?"

"மாடிப்படிக்கு. மாமியார் சொல்றா, 'நீதான் மேசனுக்குச் சொல்லிப் படியைக் கோணலாக் கட்டுவிச்சாய், நான் விழுந்து சாகோணும் எண்டுதானே'. மருமகள் சொல்றாள், 'இல்ல மாமி, சத்தியமா நான் லெவல் பிடிச்சுப் பாத்தனான்' எண்டு."

அம்மா ஒரு வாய் சோறு வைத்தாள். "அந்த வீட்டில இவ்வளவு நாளும் மேசன் ஒருத்தனும் வரேல்லையே?"

"இண்டைக்குத்தான் வந்தான். நல்ல பொடியன்."

"உங்களப் போலயா?"

"என்ன விடக் கொஞ்சம் கறுப்பு."

அன்றைக்குக் கோப்பையில் பாதி முடிந்தது. எனக்கு அது போதும். அடுத்த நாளும் குடை, அடுத்த நாளும் மழை. காரில் யாராவது போனால் சீமெந்து எடுக்கப் போகிறார்கள். கண்ணாடி போட்ட ஒருத்தன் ரெலிபோனில் கத்தினால் மணல் லொறி வரவில்லை. ஒரு காட்சிக்கு ஒரு வாய் என்று கணக்குப் பண்ணி இழுத்து இழுத்துச் சொன்னேன். பால்சுறாத் துண்டு இருக்கிற நாளில் சண்டையைக் கூட்டுவேன்.

ஆறாம் நாள் அந்தக் கண்ணாடிக்காரன் ஒரு கட்டுப் பேப்பரைக் கொண்டுவந்து மருமகளிடம் நீட்டினான். அவள் அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கண்ணீர் விட்டாள். எங்கள் முகாமில் இருக்கிற எவனைக் கேட்டாலும் அது என்ன பேப்பர் என்று சொல்லியிருப்பான். நான் ஓட்டமும் நடையுமாக வந்து சொன்னேன்.

"புள்ள, அவளுக்கு வீட்டுப் பேப்பர் வந்திட்டு! அவளுடைய பேரிலயே!"

"மெய்யாவா?" அம்மாவின் முகம் விளக்கு மாதிரி ஆனது. "எத்தினை அறை?"

"ரெண்டு அறை, ஒரு விறாந்தை, குசினி புறம்பா."

கோப்பை காலியாகிவிட்டது. இன்னும் கொஞ்சம் இருக்கா என்று கேட்டாள். அந்த இரவு நீ அழாமல் தூங்கினாய்.

விடிந்ததும் நான் வேலைக்குப் போய்விட்டேன். மாமி வழக்கம் போலச் சட்டியைக் கொண்டுவந்து வாசலில் வைத்திருக்கிறார். அம்மா உள்ளிருந்தபடியே, "மாமி, நேத்து நல்ல நாடகம் என்ன? பாவம், அவளுக்கு ஒரு வழி பிறந்திட்டு," என்று சொல்லியிருக்கிறாள்.

"என்ன வழி கா? புருசன்காரன் அவளத் தீர்த்துவிடுற விவாகரத்துப் பேப்பரக் கொண்டுவந்து நீட்டிறான், உனக்கு அது நல்ல நாடகமா?"

"தீர்த்துவிடுறதா? வீட்டுப் பேப்பர் எண்டல்லோ மச்சான் சொன்ன!"

பின்னேரம் நான் வந்தபோது சட்டி வைத்த இடத்தில் வைத்தபடி இருந்தது. மீன் ஆறி மேலே ஆடை கட்டியிருந்தது. அம்மா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள்.

"அவளுக்கெண்டாலும் வீடு கிடைச்சிட்டு எண்டு சந்தோசப்பட்டன்," என்றாள். "அதையும் நீங்க பொய்யாத்தான் கட்டினீங்களா?"

"மழையில ஒண்டும் கேக்கல்ல புள்ள."

"அப்ப அந்த மேசன்?"

"அவனும் இல்ல."

அவள் திரும்பவில்லை. அன்று இரவும் சாப்பிடவில்லை, அடுத்த நாள் காலையும் சாப்பிடவில்லை. நீ இழுத்து இழுத்துப் பார்த்துவிட்டுக் கத்தினாய். மருத்துவமாது வர ஒரு கிழமைதான் இருந்தது. வேலைக்குப் போகாமல் வாசலில் குந்திக்கொண்டிருந்தேன். மாமி வந்து சட்டியைத் திறந்து பார்த்தார். என்னைப் பார்த்தார். நான் நடந்ததைச் சொன்னேன். மாமிக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது.

"மேசனாடா? ஏழு மாசமா நான் பாக்கிறன், அதில ஒரு மேசன் இல்லையே!" என்றார். பிறகு உள்ளே எட்டி, "புள்ள, பின்னேரம் டிவி உண்ட வாசலுக்கு வரும். நீயே உண்ட கண்ணால பாரு," என்றார்.

"ஐயோ மாமி, துடக்கு வீட்டுக்கா?"

"துடக்கெண்டா அதுக்கும் கழிப்பம். முப்பத்தோராம் நாள் உங்களோட சேத்து அதுக்கும் மஞ்சள் தண்ணி தெளிச்சாச் சரிதானே?"

சொன்னபடியே பிறகு தெளித்தார். மாவிலையில் தொட்டு மூன்று தரம், டிவியின் பின்பக்கத்து ஓட்டைக்குள்ளேயே. நான் பாய்ந்து பற்றரி வயரைக் கழற்றியிருக்காவிட்டால் சாமிதான் காப்பாற்றியிருக்க வேண்டும்.

அந்தப் பின்னேரம் மழை விட்டிருந்தது. என்னுடைய சாந்து வாளியைக் கவிழ்த்து, வாசலில் சரிவாக டிவியை வைத்தோம். உள்ளே அம்மா, மடியில் நீ. வெளியே கம்பு நட்டு மழைக்குக் கட்டின தறப்பாளுக்குக் கீழே மாமியும் வரிசையில் உள்ள பெண்களும். முதல் தரம் நாடகத்தைச் சத்தத்தோடு கேட்டேன். கண்ணாடிக்காரன் புருசன். மாமியார் சரியான நஞ்சு. பேனையை மருமகளின் கையில் திணித்து, கையெழுத்து வை என்கிறாள்.

"வையாதடி!" என்று உன் அம்மா போட்ட சத்தத்தில் நீ திடுக்கிட்டாய். "மூதேவி, வையாத! அந்த வீடு உண்ட சீதனக் காசில கட்டினது!"

"இவளுக்கு எங்க விளங்கப் போகுது," என்றார் மாமி வெளியிலிருந்து. "பேனையப் பிடிக்கிறாளே, பாரு கா!"

"மச்சான், அந்தச் சட்டிய எடுங்க," என்றாள் அம்மா. கோபத்தில் சோற்றைக் குழைத்துக் குழைத்து வாயில் போட்டாள். எந்த மாமியாரைத் தின்கிறாள் என்று எனக்கு விளங்கவில்லை; சோறு போனால் சரி. பேனை பேப்பரில் படப் போகிற நேரம் பார்த்து மழை திரும்பக் கொட்டத் தொடங்கியது. தகரம் முழுவதும் சல்லிக்கல். மருமகளின் வாய் அசைகிறது, ஒன்றும் கேட்கவில்லை. டிவியின் சத்தத்தை மாமி கடைசி மட்டும் திருப்பினார். பிரயோசனம் இல்லை.

வெளியே ஒரே கூச்சல். "என்ன சொல்றாள்? என்ன சொல்றாள்?"

உன் அம்மா என்னைப் பார்த்தாள். இரண்டு நாளைக்குப் பிறகு அப்போதுதான் என் முகத்தைப் பார்த்தாள். "சொல்லுங்க மச்சான்," என்றாள். "வெளியில இரிக்கிறாக்களுக்கும் கேக்கச் சொல்லுங்க."

நான் எழும்பி நின்றேன். "'வைக்க மாட்டன்!'" என்று மழைக்கு மேலால் கத்தினேன். "'இந்த மாடிப்படிய உடைச்சு, லெவல் பிடிச்சுக் கட்டித் தந்தாத்தான் வைப்பன்! எங்க எண்ட மேசன்?'"

படத்தில் மாமியார் சரியாக அந்த நேரம் பார்த்து வாசல் பக்கம் கையை நீட்டினாள். "'இந்தா வாறான் அந்தக் கறுவல்!'" என்றேன். மாமி தறப்பாள் கம்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். மேலே தேங்கி நின்ற தண்ணீர் ஒரு வாளி அளவு எல்லார் தலையிலும் கொட்டியது. உன் அம்மா சிரித்த சிரிப்பில் கோப்பை ஆடி, கறி பாயில் சிந்தியது. கடல் வந்த பிறகு அவள் வாய்விட்டுச் சிரித்து நான் கண்டது அன்றைக்குத்தான். சிரித்து முடிய, கோப்பையை நீட்டி இன்னும் போடச் சொன்னாள்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் டிவி வாசலுக்கு வந்தது. மழை இல்லாத நாளில் நாடகத்துக்காரர் கதைத்தார்கள். மழை நாளில் நான். எது நல்லம் என்று பெண்களுக்குள் இரண்டு கட்சி.

மருத்துவமாது சொன்ன நாளில் வந்தார். தராசைத் தொங்கவிட்டார். நீ கையைக் காலை அடித்து ஊளையிட்டாய். முள் ஆடி ஆடி ஒருபடியாக நின்றது. மருத்துவமாது கண்ணாடியைத் துடைத்துப் போட்டுத் திரும்பப் பார்த்தார்.

"நானூற்றம்பது கிராம் கூட. பெரியாஸ்பத்திரி தேவையில்ல," என்று அட்டையில் எழுதினார். "தாய்க்கு என்ன குடுத்தீங்க?"

மாமி வாசலில் நின்று நெஞ்சை நிமிர்த்தினார். "எண்ட பால்சுறா, மிஸ்ஸி."

"அப்ப அதை விடாமக் குடுங்க."

உன் அம்மா உன்னைத் தராசிலிருந்து வாங்கி நெஞ்சோடு வைத்தாள். நீ உடனே வாயைத் திறந்துகொண்டு தேடினாய். "கேட்டீங்களா மச்சான்," என்றாள் என்னைப் பார்த்து, "விடாமக் குடுக்கட்டாம்."

அன்றைக்கு வேலைக்குப் போன நான், ஆறரை மணி நாடகத்துக்கு அரை மணித்தியாலம் முந்தியே வாசலுக்கு வந்துவிட்டேன்.